கிறுக்கல் ஈ வந்த வருஷம்

அவளை நெருப்புக் கங்கு, சுருக்கமாகக் கங்கு என்றுதான் எல்லோரும் சொல்வோம், அவள் காதில் விழாத தூரத்தில். விழுந்திருந்தாலும் அவள் சண்டைக்கு வந்திருக்க மாட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. "பொய்யா சொல்றாங்க?" என்று கேட்டுவிட்டுப் போயிருப்பாள்.

நான் பூ வளர்ப்போர் சங்கத்தில் சிப்பம் கட்டுகிறவள். சுற்றுவட்டாரத்துப் பசுமைக்குடில்களில் வெட்டுகிற சாமந்தி முழுக்கக் காலையில் எங்கள் மேசைக்கு வரும். தண்டு பார்த்து, இலை பார்த்து, கட்டாகக் கட்டி, உறை மாட்டி, குளிர்வண்டியில் ஏற்றுவோம். மற்ற குடில்காரர்கள் பூவை இறக்கிவைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். கங்கு போகமாட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேசைக்கு எதிரே நிற்பாள். தரம் பிரிக்கிறவர் அவள் கட்டு ஒன்றை இரண்டாம் தரத்துப் பக்கம் தள்ளிவிட்டால் போதும், "அளவுகோலை எடுங்க" என்பாள். அளந்தால் பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். சரியாக இல்லாத நாளில் அளவுகோலைத் திட்டுவாள்.

அவள் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். அவர் பேசினால் பக்கத்தில் நிற்கிறவருக்கே பாதிதான் கேட்கும். குடிலுக்குள் எலி வந்தால்கூட "போ, போ" என்று கதவைத் திறந்துவிடுகிற ஆள். குடும்பத்தில் ஆளுக்கு ஒரு படி கோபம் அளந்து கொடுத்தபோது அவர் பங்கையும் சேர்த்து இவள் வாங்கிக்கொண்டாள் என்று எங்கள் கூடத்தில் சொல்லிச் சிரிப்போம்.

அவருடைய தம்பிதான் சங்கத்துத் தலைவர். அண்ணன் குடிலுக்கும் தம்பி குடிலுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலி, அவ்வளவுதான். கொழுந்தன் என்றால் கங்குவுக்கு உயிர். அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். சட்டை தேய்த்துக் கொடுத்தது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது எல்லாம் அவள்தான். அவன் தலைவர் தேர்தலில் நின்றபோது வீடு வீடாகப் போய், "என் தம்பிக்குப் போடுங்க. போடலைன்னா என்கூடப் பேசாதீங்க" என்று ஓட்டுக் கேட்டாள். பாதிப் பேர் பயந்துபோய்ப் போட்டார்கள். ஜெயித்த அன்று அவன் நேரே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் உங்களால அண்ணி" என்றான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, செருப்போடு உள்ளே வந்ததற்காக அவனைத் திட்டினாள்.

அந்த வருஷம் சங்கம் நாற்று வாங்குகிற இடத்தை மாற்றியது. கடல் தாண்டி ஒரு கம்பெனி. வேர்விட்ட நாற்றுகள் அட்டைப்பெட்டியில், ஈரத்தாளுக்கு நடுவில், விமானத்தில் வந்து இறங்கின. புது ரகம். பூ பெரிசு, நிறம் அடர்த்தி. எல்லோரும் நட்டார்கள். செடிகள் முழங்கால் உயரம் வந்தபோது கங்குவின் குடிலில் இலைகளில் புள்ளி விழுந்தது. ஊசி முனையால் குத்தியதுபோல் வெளுத்த சின்னச் சின்னப் புள்ளிகள். அவள் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம்தான் கோடு வந்தது.

ஆரம்பத்தில் நூல் மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடு. போகப் போக அகலமாகும். இலைக்குள்ளேயே வளைந்து, நெளிந்து, போன வழியிலேயே திரும்பி வந்து, நரம்பை ஒட்டி ஓடி, திடீரென்று ஓர் இடத்தில் நின்றுவிடும். சின்னப் பிள்ளை கையில் பேனா கிடைத்தால் சுவரை என்ன பண்ணுமோ அதை அந்த இலையில் ஏதோ பண்ணியிருந்தது. ஒரு மாதத்துக்குள் ஒரு குடில் பாக்கியில்லை. பூவில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் கடையில் வாங்குகிறவர்கள் பூவோடு இலையையும் சேர்த்துத்தானே கையில் பிடிக்கிறார்கள். கோடு விழுந்த கட்டுகளை நாங்கள் மேசைக்குக் கீழே தள்ளினோம். மேசைக்குக் கீழே இடம் போதவில்லை, வாசலில் கொட்டினோம்.

கங்கு தன் கூடையிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "இங்க வாடி" என்று என்னைக் கூப்பிட்டாள். இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில், கோட்டின் அகலமான நுனியில், மஞ்சள் நிறத்தில் ஏதோ அசைந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டித் தின்றுகொண்டிருந்தது.

"உள்ள குடியிருக்கு பாரு. வாடகை யாரு தர்றது?" என்றாள். அந்த இலையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நேரே சங்க அலுவலகத்துக்குப் போனாள்.

தலைவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "வெயில் நேரத்துல தண்ணி பட்டிருக்கும் அண்ணி" என்றார்.

"வெயிலுக்கு வாயும் வயிறும் இருக்கா தம்பி? நகருது, நல்லாப் பாரு."

"சரி, ஏதோ பூச்சிதான். மருந்துக்குச் சொல்லியிருக்கேன். அடிச்சா போயிடும்."

மருந்து வந்தது. எல்லோரும் அடித்தார்கள். கங்கு வீட்டில் அவள் கணவர்தான் முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு அடிப்பார். அடித்த மறுநாள் செடிகள் சுத்தமாக இருப்பதுபோல் தெரியும். அடுத்த வாரம் முன்பைவிட அதிகக் கோடு. அடுத்த மருந்து வந்தது, அதுவும் கேட்கவில்லை. இரண்டையும் கலந்து அடிக்கச் சொன்னார்கள். காற்றில் எப்போதும் ஒரு நெடி. எங்கள் கூடத்தில் பூவைப் பிடித்த கை எரிந்தது, தொண்டை கரகரத்தது. அந்தக் குட்டி ஈ மட்டும், கறுப்பு உடம்பில் மஞ்சள் திட்டு வைத்துக்கொண்டு, குளித்து உடுத்திக்கொண்டு வந்ததுபோல் இலைமேல் உட்கார்ந்திருந்தது. நாங்கள் அதற்குக் கிறுக்கல் ஈ என்று பெயர் வைத்தோம்.

ஒருநாள் பூச்சி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். சாமந்திக்கு நடுவில் காலை வைத்ததும் தும்ம ஆரம்பித்தார். அவருக்கு அந்தப் பூ ஒத்துக்கொள்ளாதாம். கண்ணெல்லாம் சிவந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டே குடில் குடிலாக ஏறி இறங்கினார். மற்றவர்கள் "என்ன மருந்து அடிக்கணும், அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். கங்கு அவருக்கு ஒரு நாற்காலியும் வெந்நீரும் கொடுத்து, "எனக்கு முதல்லேர்ந்து சொல்லுங்க. யாரு இது, எங்கேர்ந்து வந்துச்சு?" என்று எதிரே உட்கார்ந்தாள். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

"இதுக்கு இலைத்துளைப்பான் ஈன்னு பேரு," என்றார் பூச்சியம்மா. "பொம்பளை ஈ வயித்து நுனியால இலையைக் குத்தும். அந்தப் புள்ளிங்கதான் நீங்க முதல்ல பார்த்தது. குத்தின இடத்துல கசியிற சாறைக் குடிக்கும். சில ஓட்டைல மட்டும் முட்டை வைக்கும்."

"ஆம்பிளை ஈ?"

"அதால குத்த முடியாது. பொம்பளை குத்தின ஓட்டையில போய்க் குடிச்சுக்கும்."

கங்கு திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். "கேட்டீங்களா? பூச்சியில கூட உங்க ஆளுங்க இருக்காங்க." அவர் சிரித்துக்கொண்டே டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பூச்சியம்மா பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்துக் காட்டினார். முட்டை பொரித்து வருகிற புழு இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில் உள்ள பச்சையை மட்டும் தின்றுகொண்டே போகும். அது வளர வளரக் கோடும் அகலமாகும். நடுவில் தெரிகிற கறுப்புப் பொட்டுகள் அதன் எச்சம். வளர்ந்ததும் தோலைக் கிழித்துக்கொண்டு மண்ணில் விழுந்து கூட்டுப்புழு ஆகும். அங்கிருந்து மறுபடியும் ஈ. மேலே அடிக்கிற மருந்து பெரும்பாலும் இலைக்குள் இருப்பதையும் தொடாது, மண்ணுக்குள் இருப்பதையும் தொடாது.

"அப்போ நாங்க அடிச்சது யாரைக் கொன்னுச்சு?"

பூச்சியம்மா வேறோர் இலையைத் தேடி எடுத்தார். வேலியோரத்துக் களைச்செடி இலை. அதில் கோடு கொஞ்ச தூரம் ஓடி நின்றிருந்தது. உள்ளே புழு பழுப்பாகச் செத்துக் கிடந்தது. அதை ஒட்டி இன்னொரு குட்டிப் புழு. "இது குளவியோட புழு. எறும்பைவிடச் சின்னக் குளவி. இலைக்கு மேல உக்காந்து உள்ள இருக்கிற புழுவைக் கொட்டி மயக்கும், பக்கத்துல முட்டை வைக்கும். ஈயை அடக்கி வைக்கிறதே இதுதான். நீங்க அடிச்ச மருந்துல முதல்ல செத்தது இது. ஈ சாகலை. இந்த ஈ உலகத்துல பாதித் தோட்டத்துல இந்த மருந்தையெல்லாம் பார்த்துப் பழகிடுச்சு."

"உலகத்துல பாதியா? பறந்தே போயிருச்சா?"

"சிறகால அது ரொம்ப தூரம் போகாதும்மா. முதல்ல எங்கேயோ ஒரு கண்டத்துல இருந்துச்சு. பூ வியாபாரம், நாற்று வியாபாரம், இதுல ஏறித்தான் கண்டம் கண்டமாப் போச்சு. இலைத்தோலுக்குள்ள முட்டையா இருந்தா வெறும் கண்ணுக்குத் தெரியாது. குளிர்ல வச்சாலும் தாங்கும். பெட்டியில போட்டு நாமதான் அனுப்பி வைக்கிறோம்."

"அப்போ இங்க வந்தது?"

பூச்சியம்மா இரண்டு முறை தும்மினார். "நாற்றுல வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எந்த நாற்றுன்னு என்னால சொல்ல முடியாது."

கங்குவுக்கு அது போதும். அன்று சாயங்காலமே தம்பியைப் பிடித்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "காத்துல வந்திருக்கும் அண்ணி. அந்தம்மாவுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க" என்றார். அவள் நம்பினாள். இதைப் பின்னாளில் சொல்லும்போதுதான் அவளுக்கு ரொம்பக் கோபம் வரும். "ஊர்ல ஒருத்தன் சொல்றதையும் நான் அப்படியே நம்பினதில்ல. அவன் சொன்னதை மட்டும் நம்பினேன்."

அடுத்த கூட்டத்தில் தலைவர் ஒரு விதி கொண்டுவந்தார். எல்லாக் குடில்களிலும் ஒரே நாளில், இன்னும் வீரியமான ஒரு மருந்து அடிக்க வேண்டும். அடிக்காதவர்கள் பூவைச் சங்கத்து வண்டியில் ஏற்றமாட்டோம். கங்கு வீட்டுக்கு வந்து, "நாம அடிக்கப்போறதில்ல. நான் பேசிக்கிறேன்" என்று கணவரிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அவர் எதற்கும் தலையை ஆட்டுவார்.

மருந்தடிக்கிற நாள் காலையில் அவள் பூவோடு எங்கள் கூடத்துக்கு வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்துத் தம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னண்ணே, என் சொந்த அண்ணன் வீட்டிலேயே அடிக்கலைன்னா நான் மத்தவங்களை எப்படிக் கேக்கறது?" என்றிருக்கிறார். அண்ணனால் மறுக்க முடியவில்லை. நல்ல வெயில். மருந்து வெளியே போகக்கூடாது என்று பக்கத் திரைகளை எல்லாம் இறக்கிவிட்டு, மூக்கில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

கங்கு திரும்பி வந்தபோது அவர் குடில் வாசலில் குந்தியபடி இருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது. "கண்ணு சரியாத் தெரியல" என்று மட்டும் சொன்னார். அவர் தோள் தசைகள் தோலுக்கடியில் தாமாகத் துடித்ததைக் கங்கு பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் குடில்காரர் வண்டியோடு ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசி போட்டார்கள். பிழைத்துவிடுவார் என்று டாக்டர் சொல்ல மறுநாள் மத்தியானம் ஆனது. அதுவரை வராந்தா பெஞ்சில் கங்கு ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம், நடுவில் நான். கங்கு அழவில்லை. டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும் தலைவர்தான் உடைந்தார். முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகையோடு அழுகையாக அது வெளியே வந்தது.

"என்னாலதான் அண்ணி. பெட்டியைத் திறந்தப்பவே பார்த்தேன். கீழ் இலையில கோடு இருந்துச்சு."

கங்கு மெதுவாகத் திரும்பினாள். "எந்தப் பெட்டி?"

"நாற்றுப் பெட்டி. நகரத்துக் குளிர்கிடங்குல இறக்கினப்போ. திருப்பி அனுப்பினா அந்த வருஷம் ஒருத்தருக்கும் நாற்று இல்ல. எல்லாரும் என் சட்டையைப் பிடிச்சிருப்பாங்க. கோடு இருந்த இலையை ஆள் வச்சுக் கிள்ளிப் போடச் சொல்லிட்டு அனுப்பிட்டேன். மருந்து அடிச்சா போயிடும்னு நெனச்சேன்."

அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து அவர் எதிரே போய் நின்றாள். தாழ்ந்த குரலில், அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது, "கோடு போட்ட இலையைக் காட்டினேனே, வெயில்னு சொன்ன" என்றாள். "நாற்றுல வந்துச்சான்னு கேட்டேனே, காத்துன்னு சொன்ன. உங்க அண்ணன் அந்த விஷத்துக்குள்ள போறப்போ வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டிருந்த."

"அண்ணி..."

"அந்த வார்த்தையை இனிமே சொல்லாதீங்க தலைவரே."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவரை நீங்க என்று சொன்னதில்லை. அந்த ஒரு 'தலைவரே'யில் அவர் முகம் செத்துவிட்டது. எனக்குத் துளிகூட இரக்கம் வரவில்லை. இப்போதும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவள் டேங்கைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். சிமென்ட்டில் அது கிரீச்சிட்ட சத்தத்தில் எல்லோரும் வாயை மூடினார்கள். தலைவரின் மேசைக்கு முன்னால் தள்ளிவிட்டு, "இது இனிமே என் குடிலுக்குள்ள வராது" என்றாள்.

"உன் குடில்ல அடிக்கலைன்னா அங்கேருந்து ஈ எங்ககிட்ட வரும்" என்று ஒருவர் கத்தினார்.

"உங்ககிட்ட இல்லாத ஈயா என்கிட்ட இருக்கு? அடிச்சு அடிச்சு என்னத்தைக் கிழிச்சீங்க? வாசல்ல மலை மாதிரி கொட்டிக் கிடக்கே, கண்ணு அவிஞ்சு போச்சா? ஈயைத் தின்னுறதை நீங்களே கொன்னுட்டு, ஈ ஏன் பெருகுதுன்னு கேக்கறீங்க. நாற்று எப்படி வந்துச்சுன்னு உங்க தலைவரைக் கேளுங்க. சொல்லட்டும்."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் மேசையைப் பார்த்தார். "நாற்று எல்லாம் நல்லாத்தான் வந்துச்சு" என்றார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் நானும்தான் கேட்டேன். எழுந்து, "அவரே சொன்னார், நான் கேட்டேன்" என்றேன். "உனக்குக் கட்டுக் கட்டத் தெரிஞ்சா போதும், உக்காரு" என்றார்கள். உட்காரவில்லை, அவளோடு வெளியே வந்துவிட்டேன். கங்குவின் பூவை இனி வண்டியில் ஏற்றுவதில்லை என்று எங்கள் முதுகுக்குப் பின்னால் கை தூக்கி முடிவு பண்ணினார்கள்.

மறுநாள் அவள் தன் குடிலில் இருந்த சாமந்தி முழுவதையும் பிடுங்கினாள். பூக்கிற நிலையில் இருந்த செடிகள். ஆள் வைக்கவில்லை. ஒவ்வொன்றையும் வேரோடு உருவும்போது வாய்க்குள் யாரையோ திட்டிக்கொண்டே இருந்தாள். லீவு நாளில் நானும் போனேன். பூச்சியம்மா போனில் சொன்னபடி செடிகளைக் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் திணித்து, வாயைக் கட்டி, வெயிலில் போட்டோம். உள்ளே வெந்து அழுகி நாறியது. மண்ணைக் கிளறி, மேலே வைக்கோல் மூடாக்குப் போட்டு, சும்மா விட்டாள். மண்ணிலிருந்து எழும்பி வந்த ஈக்களுக்கு உட்கார ஓர் இலை இல்லை. மஞ்சள் நிறத்தைத் தேடிப் போகிற புத்தி அதற்கு. பிசின் தடவிய மஞ்சள் அட்டைகளை அவள் வரிசையாகத் தொங்கவிட்டாள். அவை கறுத்துப்போகும். கழற்றிவிட்டுப் புதிசு மாட்டுவாள்.

வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் வெயிலில் நின்றால் தலைவலி. குடிலுக்குள் அவரால் நுழைய முடியவில்லை. வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தம்பி சொன்னதை அவள் அவரிடம் சொல்லவில்லை. "ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "அவன் வாயால அவன் சொல்லணும். நான் எதுக்கு அவன் வேலையைச் செய்யணும்?" என்றாள்.

சாமந்திக்குப் பதில் தக்காளி நட்டாள். பூச்சியம்மா சொன்ன கணக்கு அதுதான்: தக்காளியிலும் இந்த ஈ வரும், ஆனால் யாரும் தக்காளியை இலையோடு வாங்குவதில்லை. இலையில் கொஞ்சம் கிறுக்கல் இருந்தால் காய் ஒன்றும் கெட்டுவிடாது. பொறுத்துக்கொண்டால் குளவி வரும்.

அந்தப் பொறுத்துக்கொள்வதுதான் அவளால் முடியாத வேலை. முதல் கோடு விழுந்த அன்று செடிக்கு முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினாள். இரண்டாம் வாரம் கோடுகள் ஏறின. "பெருகுதே, நான்தான் பைத்தியக்காரியா?" என்று பூச்சியம்மாவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. "அடிக்கணும்னா அடிச்சுட்டுப் போங்க. என்கிட்ட ஏன் கத்தறீங்க?" என்று வைத்துவிட்டார். கங்கு அடிக்கவில்லை. வேலியோரத்துக் களைச்செடிகளை மட்டும் யாரையும் வெட்டவிடாமல் காவல் காத்தாள். குளவி அங்கேதான் ஒளிந்து பிழைத்திருந்தது. பூச்செடிக்குக்கூட அவள் காவல் நின்று பார்த்ததில்லை, களைக்கு நின்றாள்.

காய் பிடிக்கிற சமயத்தில் புது இலைகளில் கோடுகள் சின்னதாக ஆயின. விரல் நுனி நீளத்துக்கு ஓடி, அப்படியே நின்றுவிட்டன. அவள் ஒன்றைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே புழு பழுப்பாகச் சுருண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவள் முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். "இதுக்குத்தானேடி இவ்வளவும்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. தக்காளியைக் கூடையில் எடுத்துப்போய்ச் சந்தையில் தானே விற்றாள். பூவில் வந்த வருமானம் இல்லை. அடுப்பு எரிந்தது.

வேலிக்கு அந்தப் பக்கமும் மற்ற குடில்களிலும் மருந்து ஏறிக்கொண்டே போனது. சிலர் குடிலை மூடிவிட்டு வேறு வேலை தேடிப் போனார்கள். தலைவரின் குடில்தான் எல்லாவற்றையும்விட மோசம். கீழ் இலைகள் முழுக்க வெளுத்துக் காய்ந்து, தொட்டால் பொடியாயின. ஒரு காலை அவர் கங்கு வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் அப்போது தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

"பூச்சியம்மாகிட்ட போய் நின்னேன்," என்றார் தலைவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "கோடு நின்னுபோன இலையை உங்க குடில்லேர்ந்து வாங்கிட்டுப் போய் என் குடில்ல வைக்கச் சொன்னாங்க. அதுல குளவி இருக்குமாம்."

கங்கு கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. அன்னிக்கு வராந்தாவுல சொன்னதை."

"அதை எதுக்கு இப்போ..."

"சொல்லிட்டு இலையைக் கேளுங்க."

சொன்னார். நின்று நின்று, விழுங்கி விழுங்கிச் சொன்னார். பெட்டி, கீழ் இலை, கிள்ளிப்போட்டது எல்லாம். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். டீ தளும்பி அவர் மடியில் கொட்டியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"தெரிஞ்சேதான் என்னை அடிக்கச் சொன்னியா?"

"மருந்து கேக்கும்னு நெனச்சேண்ணே."

"என் கையைப் பாரு" என்றார் அண்ணன். இரண்டு கையையும் நீட்டினார். அவை தம்பியின் முகத்துக்கு நேரே ஆடின. அப்புறம் அந்த மனிதர், எலியைக்கூட விரட்டத் தெரியாத மனிதர், எழுந்து நின்று, "வெளியே போடா!" என்று கத்தினார். ரோட்டில் சைக்கிளில் போன ஒருவர் பிரேக் பிடித்து நின்று திரும்பிப் பார்த்தார். "என் வாசல்ல நிக்காத! போ!"

தலைவர் போய்விட்டார். கங்கு அசையாமல் நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதேயில்லை. அவர் தோள் குலுங்க மறுபடி உட்கார்ந்தபோது அவள் போய் மடியில் கொட்டிய டீயைத் துடைத்துவிட்டாள். துடைத்து முடித்ததும் ஒரு பையை எடுத்துக்கொண்டு குடிலுக்குள் போய், கோடு நின்றுபோன அடி இலைகளாகப் பார்த்துப் பார்த்துப் பறிக்க ஆரம்பித்தாள்.

"குடுக்கப்போறியா அக்கா?" என்று கேட்டேன்.

அவள் பறித்துக்கொண்டே இருந்தாள். பை நிறைந்ததும் வேலிக்குப் போனாள். தலைவர் தன் குடில் வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பையைக் கம்பிக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் போட்டாள்.

"உங்களுக்காக இல்ல. உங்க குடில்ல இருக்கிற ஈ நாளைக்கு என் குடிலுக்கு வரும், அதுக்காக. இன்னொரு தடவை மருந்து அடிச்சீங்கன்னா அதுவும் செத்துடும். அப்புறம் என்கிட்ட வராதீங்க."

அவர் எழுந்து வந்து பையை எடுத்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் முதுகைக் காட்டிவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த கூட்டத்தில் அவர் நாற்று வந்த கதையை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் பதவியை விட்டு இறங்கினார். இரண்டு பேர் அடிக்கப் பாய்ந்தார்கள், நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். கங்கு கூட்டத்துக்கு வரவில்லை. நான் போய்ச் சொன்னபோது, "இப்போ சொல்லி என்ன, அவர் கை நடுக்கம் நின்னுடுமா?" என்றாள். சங்கப் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்கள் வீரிய மருந்தை நிறுத்தினார்கள். வருகிற ஒவ்வொரு பெட்டியையும் தனி அறையில் பல நாள் வைத்துப் பார்த்த பிறகே நடுகிறார்கள். ஈ ஒழியவில்லை. அது இனி எங்கேயும் போகாது. குளவியும் கூடவே இருக்கிறது என்பதுதான் கிடைத்த ஆறுதல். சாமந்திக்குத் திரும்பியவர்களும் உண்டு. கங்கு திரும்பவில்லை.

இன்றைக்கும் வேலிக்கு இரண்டு பக்கமும் அவளும் கொழுந்தனும் வேலை செய்கிறார்கள், பேச்சு கிடையாது. போன மாதம் தக்காளிக் கொடிக்குக் கயிறு கட்டும்போது அவளிடம் கேட்டேன், "இன்னுமா அக்கா கோபம் போகலை?"

"எதுக்குப் போகணும்?" என்றாள். "அந்த நுனியை இறுக்கிப் பிடி, நழுவுது."